விடுபட்ட ஓர் எண்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 22-ஆம் நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கணித மேதை சீனிவாச இராமானுஜனைப் பற்றி ஒரு மாணவி பேசுவாள். 2012-ஆம் ஆண்டு முதல் அந்நாள் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. ஆறாம் வகுப்பு முதல் நாங்கள் கேட்ட பேச்சுகள் நான்கு. நான்கிலும் ஒரே கதைதான். மருத்துவமனையில் படுத்திருந்த இராமானுஜனைப் பார்க்கப் பேராசிரியர் ஹார்டி வாடகைக் காரில் வந்தார். காரின் எண் 1729. அது சுவையற்ற எண் என்றார் ஹார்டி. இல்லை, அதனை இரு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதலாம் என்று இராமானுஜன் உடனே கூறினார். 12-இன் கனமும் 1-இன் கனமும் சேர்ந்தால் 1729. 10-இன் கனமும் 9-இன் கனமும் சேர்ந்தாலும் 1729. கேட்டதும் கைதட்டுவோம். தட்டி முடித்து வகுப்புக்குப் போனதும், "அவர் தெய்வப் பிறவியடி, நமக்கெல்லாம் எங்கே வரும்?" என்று கணக்கு நோட்டை மூடிவைப்போம். அன்று பெரும்பாலும் கிறிஸ்துமஸ் குடில் ஜோடிக்கும் வேலையும் இருக்கும்.

அந்தக் கதைக்கு இவ்வாண்டு சற்று ஓய்வு கொடுக்கலாம் என்பது பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து. கதை பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 'உடனே' என்ற அந்த ஒரு சொல்தான் எங்களுக்குத் தீங்கு செய்கிறது. உண்மையில் இராமானுஜன் 1729-இன் அந்தத் தன்மையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டு தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். மருத்துவமனைக் கட்டிலில் நடந்தது நினைவுகூர்தல்தான். கண்டுபிடித்த நாள் வேறு. அந்த நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதில் காரும் இல்லை, ஹார்டியும் இல்லை.

1729-க்குப் பதிலாக நாங்கள் முன்வைக்கும் எண் சற்றுப் பெரியது. 293318625600. அதாவது இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு வாங்கும். இது இராமானுஜன் கண்டுபிடித்த எண் அன்று. அவர் விட்டுவிட்ட எண்.

விளக்கிச் சொல்ல முட்டையிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் வகுப்பில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் சிலர் உண்டு. நாமக்கல் பக்கம் அது வியப்பில்லை. ஒரு டிரேயில் 30 முட்டை. 30-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 1, 2, 3, 5, 6, 10, 15, 30 என எட்டு. இவற்றையே காரணிகள் என்கிறோம். எட்டு என்பது நல்ல எண்ணிக்கைதான். ஆனால் 30-ஐவிடச் சிறியதான 24-க்கும் எட்டுக் காரணிகள் இருக்கின்றன. ஏழு டிரே கொண்ட பெட்டியில் 210 முட்டை. அதற்குப் பதினாறு காரணிகள். 210-ஐவிடச் சிறிய 180-க்கோ பதினெட்டு! பெரிதாக இருப்பதால் மட்டும் ஓர் எண்ணைப் பலருக்குப் பங்கிட்டுவிட முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைப் பெற்ற எண்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று ஒரு வரிசை கிடைக்கும். இவற்றை மிகு பகு எண்கள் எனலாம். வரிசையைப் பார்த்ததும் பழகிய முகங்களைக் கண்டது போல் இருந்தது எங்களுக்கு. பாட்டிமார் சொல்லும் கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். ஆண்டுக்கு 12 மாதம், வட்டத்துக்கு 360 பாகை. பங்கிடுவதற்கு எளிதான எண்ணைத்தான் மனிதர் எங்கும் தேடி எடுத்திருக்கின்றனர். (செபமாலைக்கு மட்டும் இந்த விதி இல்லை. அதில் மங்கள வார்த்தைச் செபம் 53 முறை வருகிறது. 53 பகா எண். யாரோடும் பங்கு போட முடியாது, முழுவதையும் நாமே சொல்லித்தான் ஆக வேண்டும்.)

கிரேக்க ஞானி பிளேட்டோ தமது 'சட்டங்கள்' என்னும் நூலில், ஒரு நல்ல நகரத்துக்கு 5040 குடும்பத் தலைவர்கள் வேண்டும் என்று எழுதினார். 5040-ஐ 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுக்கலாம். ஆதலால் நிலத்தைப் பிரிக்கவும் படையைப் பிரிக்கவும் வசதி. அதுவும் மிகு பகு எண்தான். அதற்குக் காரணிகள் அறுபது. இந்த 5040-ஐ மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

இனி இராமானுஜன். அவர் நமக்கு அயலார் அல்லர். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாயாரின் பெற்றோர் இல்லத்தில் பிறந்தார். அவர் குடும்பத்தார் வணங்கியது நாமக்கல் நாமகிரித் தாயாரை. நாமக்கல் 1997 வரை நம் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தே இருந்தது. வளர்ந்ததும் படித்ததும் கும்பகோணத்தில். கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் செல்லாமல் எஃப்.ஏ. தேர்வில் தவறினார், உதவித்தொகை போயிற்று. காகிதம் வாங்கப் பணமில்லாமல் பலகையில் எழுதி முழங்கையால் அழித்து அழித்துக் கணக்குப் போட்டார். கடல் கடக்கத் தயங்கிய அவர், 1913 டிசம்பரில் நாமக்கல் கோயிலில் தங்கி வழிபட்ட பிறகே இசைந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பல் ஏறினார்.

அடுத்த ஆண்டு, 1915-இல், இலண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதன் பொருள் இந்த மிகு பகு எண்களே. இக்கட்டுரைக்காகத்தான், எஃப்.ஏ. தேறாத அவருக்கு, 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பி.ஏ. பட்டம் வழங்கியது. கழகத்தில் அப்போது பண முடை இருந்ததால் கட்டுரை முழுவதும் அச்சாகவில்லை. மீதிப் பகுதி 1997-இல்தான் வெளிவந்தது. அவர் இறந்து எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு!

அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. 2 என்று தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட மிகு பகு எண்களை வரிசையாக அடுக்கி, 6746328388800 என்ற எண்ணில் முடிகிறது. ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேலே. கணிப்பொறி இல்லாத காலம். அவ்வளவு எண்களில் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டார். அதுதான் நம் 293318625600.

எங்கள் கணித சிஸ்டர் இச்செய்தியைப் பாடத்தினிடையே போகிற போக்கில் சொன்னார். உடனே இரண்டு கட்சி கிளம்பியது. "அவ்வளவு பெரிய மேதையின் பிழையை எதற்குக் கிளற வேண்டும்? அதுவும் நம் பக்கத்துக்காரர்" என்றது ஒரு கட்சி. "பிழை என்று நாம் எப்படி நம்புவது? போட்டுப் பார்த்தால்தானே தெரியும்" என்றது மற்றொன்று. இரண்டாம் கட்சிதான் வென்றது. மறுநாள் கணக்குப் பாடவேளை முழுவதையும் சிஸ்டர் எங்களுக்கே விட்டுக்கொடுத்தார். செல்பேசி, கால்குலேட்டர் ஏதும் கூடாது, கரும்பலகையும் சாக்பீஸும் மட்டும் என்பது நிபந்தனை.

பகா எண்களால் வகுத்துக்கொண்டே போவதுதான் முறை. முதலில் 2. ஆறு முறை வகுத்ததும் 4583103525 என்று ஒற்றை எண்ணாகி நின்றது. அடுத்து 3. நான்கு முறை சென்றது. இதற்குள் இரண்டு தடவை தப்பாகக் கழித்து, அழித்து, திரும்பப் போட்டோம். 5 இரண்டு முறை. மிஞ்சியது 2263261. அதனை 7-ஆல் வகுத்தபோது வந்த விடையைப் பார்த்து வகுப்பே சிரித்துவிட்டது. 323323! ஏதோ பாட்டின் பல்லவி போல ஒரே மூன்று இலக்கம் இருமுறை. மூன்று இலக்க எண்ணை இருமுறை அடுத்தடுத்து எழுதினால் அது அந்த எண்ணின் 1001 மடங்கு என்பது எட்டாம் வகுப்பில் விளையாட்டாகக் கற்றது. 1001 என்பது 7, 11, 13 ஆகிய மூன்றின் பெருக்கல். ஆக, ஒரே அடியில் மூன்று பகா எண்கள் கிடைத்துவிட்டன. எஞ்சியது 323 மட்டும்.

323 பகா எண் என்று முன் வரிசை முடிவு கட்டிவிட்டது. 2, 3, 5, 7, 11, 13 எதற்கும் அது அசையவில்லை. சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் சன்னலோரம் நின்றார். அப்போது கடைசி வரிசையில் எங்களில் ஒருத்தி, "சிஸ்டர், பதினெட்டின் வர்க்கம் 324. இது அதற்கு ஒன்று குறைவு" என்றாள். அப்புறம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பதினெட்டிலிருந்து ஒன்றைக் கழித்தால் 17, கூட்டினால் 19. இரண்டையும் பெருக்கினால் 323. ஒன்பதாம் வகுப்பில் முற்றொருமை என்று மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்தும் போயிருந்த சூத்திரம் அது. அதைச் சொன்னவள் காலாண்டுத் தேர்வில் கணக்கில் தேறாதவள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

ஆகவே நம் எண்ணில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரு முறை, 7 இரு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. காரணிகளின் எண்ணிக்கையை அறிய, இந்த முறைகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். 7 பெருக்கல் 5 பெருக்கல் 3 பெருக்கல் 3. பிறகு நான்கு முறை 2. விடை 5040. பிளேட்டோவின் அதே 5040! விட்டுப்போன எண்ணின் காரணிகளை எண்ணினால் அந்த எண்ணிக்கையே மற்றொரு மிகு பகு எண். இது வேண்டுமென்று அமைந்ததா, தற்செயலா என்று மதிய உணவு மணி அடித்த பிறகும் வாதாடினோம். தற்செயல்தான் என்றார் சிஸ்டர். இருக்கட்டும், எங்களுக்கு அது பிடித்திருந்தது.

அதற்கு இரு பக்கமும் நிற்கும் எண்களையும் பிரித்துப் பார்த்தோம். அட்டவணையில் முன்னால் இருப்பது 240940299600. அதற்கு 4800 காரணிகள். பின்னால் இருப்பது 321253732800, அதற்கு 5376. இரண்டுக்கும் நடுவே 5040 காரணிகளோடு ஒன்று இருந்தாக வேண்டும் என்பது இப்போது தெளிவு. சுவை எங்கே என்றால், முன்னவரும் பின்னவரும் 23 என்ற பகா எண் வரை ஏறிச் செல்கின்றனர். 7-ஐ ஒரு முறைதான் வைத்திருக்கின்றனர். நடுவில் இருப்பவரோ 23-ஐத் தொடவில்லை. 19-இல் நின்றுவிட்டு, 7-ஐ இரண்டு முறை வைத்துக்கொண்டிருக்கிறார். நெட்டையான இரு அக்காக்களுக்கு நடுவே நிற்கும் குட்டைத் தங்கை புகைப்படத்தில் மறைந்துவிடுவது போலத்தான்.

இன்னொன்றும் கண்டோம். அட்டவணையின் கடைசி எண்ணான 6746328388800-ஐ 23-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 293318625600 வருகிறது. இராமானுஜன் விட்ட எண் அவருடைய பட்டியலின் கடைசி எண்ணுக்குள்ளேயே குடியிருக்கிறது! இதைக் கண்டபோது எங்களுக்கு அவர் மேல் மரியாதை குறையவில்லை. பாவம், இன்னும் சற்று நேரம் இருந்திருந்தால் கண்டிருப்பாரே என்று தோன்றியது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். தமக்குத் தாமே சமைத்து உண்டவர். குளிர் தாங்காத உடம்பு. 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் இறந்தபோது வயது முப்பத்திரண்டு.

மேதையின் பிழையைக் கிளறலாமா என்று கேட்ட கட்சிக்கு எங்கள் மறுமொழி இதுதான். நாமகிரித் தாயார் கனவில் வந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார் என்று கேள்விப்பட்டே வளர்ந்தோம். இராமானுஜனின் பக்தியை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. நாங்களும் தேர்வுக்கு முன் சிற்றாலயத்தில் முழந்தாளிட்டு விட்டுத்தான் போகிறோம். ஆனால் முழந்தாளிட்டுவிட்டுத் தேர்வை எழுதவும் வேண்டியிருக்கிறதே! அந்த அட்டவணை கனவில் கண்டதை அப்படியே பெயர்த்து எழுதியதாக இருந்தால் அதில் எதுவும் விட்டுப்போயிராது. விட்டுப்போயிருப்பதால்தான், ஒரு மனிதர் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பெருக்கி, ஒப்பிட்டு, அலுத்து, மறுபடி தொடங்கி எழுதியது அது என்று தெரிகிறது. குறையற்ற நூறு எண்கள் எங்களை மிரட்டின. விடுபட்ட ஓர் எண் எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்தது.

இனிப் பெற்றோரிடம் ஒரு சொல். ஆண்டுத் தேர்வு முடிந்தால் மேல்நிலை முதலாம் ஆண்டு. எந்தக் குரூப் என்ற பேச்சு வீடுகளில் இப்போதே தொடங்கிவிட்டது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு தந்தையார், "ஏனுங்க சிஸ்டர், பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு குரூப்பு எதுக்குங்க? வராததைப் போட்டு ஏன் கஷ்டப்படுத்தோணும்?" என்று கேட்டதை நாங்கள் வராந்தாவில் நின்று கேட்டோம். அவர் அன்பில்லாமல் கேட்கவில்லை. மகள் தோற்றுவிடுவாளோ என்ற கவலையில்தான் கேட்டார். எங்களில் பலரும் அதையே எங்களைப் பற்றி நம்புகிறோம். கணக்கு 'வரும்' சிலருக்கு, 'வராது' பலருக்கு, மழை மாதிரி. எங்கள் கருத்து வேறு. கணக்கு வருவதில்லை, நாம்தான் அதனிடம் போக வேண்டியிருக்கிறது. கும்பகோணத்தில் தேர்வில் தவறியவரும் அப்படித்தான் போனார்.

எண்ணுக்கு இவ்வளவு பாடு பட்டு என்ன பயன் என்று கேட்பீர்களானால், உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஒன்றும் இல்லை. அத்தனை முட்டையை எந்தப் பண்ணையும் ஒரு நாளில் இறக்குவதில்லை. 5040 விதமாகப் பங்கிட்டுத் தரச் சொல்லி யாரும் கேட்கப் போவதும் இல்லை. பொதுத் தேர்வில் இக்கேள்வி வராது. எனினும் அந்த நாற்பது நிமிடத்தில் எங்கள் வகுப்பில் ஒருத்தியும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

323-ஐ உடைத்தவளைப் பற்றிப் பிறகு சொல்வதாக எழுதினோம். அவள் வீட்டில் கணக்கு இல்லாத குரூப் என்று முன்பே தீர்மானித்துவிட்டனர். அன்று மாலை பேருந்தில் இராசிபுரம் வரைக்கும் அவள் ஒன்றும் பேசவில்லையாம். இறங்கும்போது மட்டும், "899 பகா எண்ணா என்று யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டாளாம். அது முப்பதின் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. நாங்கள் யாரும் பார்த்திருக்கவில்லை. அவள் வீட்டில் பேசிப் பார்ப்பதாகச் சிஸ்டர் சொல்லியிருக்கிறார். இம்மலர் அச்சுக்குப் போகும்வரை முடிவு தெரியவில்லை.

வருகிற டிசம்பர் 22-க்கு நாங்கள் அன்னை அவர்களிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். 1729 வேண்டாம், எங்களுக்குப் பத்து நிமிடமும் ஒரு கரும்பலகையும் வேண்டும். பேச்சு கிடையாது. எண்ணை மேலே எழுதிவிட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு 2-ஆல் வகுக்கச் சொல்வோம், அதன் பின் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு. 323 வரும்போது சாக்பீஸ் யார் கைக்குப் போக வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிட்டோம். கரும்பலகையை மைதானத்துக்குத் தூக்கி வர நான்கு பேர் தேவைப்படும். ஒன்பதாம் வகுப்பில் உயரமான பிள்ளைகள் பெயர் கொடுக்கலாம்.